ஒரு ஃபார்திங் தீர்ப்பு

1901-இல் சாவோ தோமே தீவில் ஒரு கோகோ தோட்டம் விலைக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், போர்ச்சுகல் வசமிருந்த தீவு அது. சொத்துப் பட்டியலில் 200 தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் போட்ட விலை 3,555 பவுண்டு. பட்டியல் வில்லியம் காட்பரியின் பார்வைக்கு வந்தது. அவர் குடும்பக் கம்பெனி வாங்கிய கோகோவில் பாதியளவு அந்தத் தீவுச் சரக்கு.

சட்டப்படி அங்கே அடிமைகள் கிடையாது. அங்கோலாவில் பிடித்த ஆட்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றினார்கள். காலம் முடிந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். ஊர் திரும்பியவர் அநேகமாக இல்லை. பனியன் கம்பெனியில் கொள்முதல் பார்த்தே தலை நரைத்தவன் நான். சோதனைக்கு வருபவரிடம் நீட்டும் காகிதம் எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

காட்பரி குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அடிமை முறையை வெறுத்தவர்கள். சும்மாவும் இருக்கவில்லை. 1903-இல் வில்லியம் லிஸ்பன் போய்ப் பேசினார். 1905-இல் ஜோசப் பர்ட் என்பவரை விசாரிக்க அனுப்பினார்கள். அவர் திரும்புமுன்பே பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன், நேரில் கண்டதை 1906-இல் புத்தகமாகப் போட்டுவிட்டார். பர்ட்டும் அதையே உறுதிசெய்தார். கோகோ வந்துகொண்டே இருந்தது. வாங்குவதை நிறுத்தினால் போர்ச்சுகலிடம் நம் பேச்சு எடுபடாது என்பது கம்பெனியின் வாதம்.

1908-இல் ‘ஸ்டாண்டர்ட்’ நாளிதழ் இதைக் குத்திக்காட்ட, காட்பரி அவதூறு வழக்குப் போட்டது. மறு ஆண்டு மார்ச்சில்தான் ஃப்ரை, ரௌன்ட்ரீ சாக்லேட் கம்பெனிகளோடு சேர்ந்து அந்தக் கோகோவைக் கைவிட்டது. டிசம்பரில் பர்மிங்காம் ஜூரி காட்பரி பக்கமே தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி!

காட்பரியின் வாதத்தை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். ஆர்டர் இருக்கும்வரைதான் வாங்குபவர் சொல்லுக்கு மதிப்பு. ஆனால் கெடு வைக்காமல் பேசினால், இவர் எப்படியும் வாங்குவார் என்று விற்பவர் கணக்குப் போட்டுவிடுவார்.

பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள், அடிமை உழைப்பைத் தடுக்க எடுத்த நடவடிக்கை பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். ‘எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதினாலும் சட்டம் ஏற்கும். அறிக்கைகளில் நான் தேடுவது மூன்று தேதிகள்: குறை தெரியவந்த நாள், திருத்தக் கொடுத்த கெடு, திருத்தாவிட்டால் ஆர்டர் நிற்கும் நாள். இவை இல்லாத அறிக்கையைக் காட்பரி 1902-இலேயே கூசாமல் எழுதியிருக்கலாம்.