கொடுத்தவரின் விருப்பம்



எமது கல்முனைக் கரையோர ஊர்களில் 'வக்பு' என்னும் சொல்லை அறியாதார் இலர். ஒருவர் தம் வயலையோ தென்னந்தோட்டத்தையோ பள்ளிவாசலுக்கென எழுதிவைத்துவிட்டால், பின்வருவோர் அதனைத் தம் மனம்போனபடி விற்றலும் ஆகாது. வேறு காரியத்திற்குத் திருப்புதலும் ஆகாது. கொடுத்தவர் விதித்த நிபந்தனை சட்டத்தின் சொல்லுக்கு ஒப்பானதென்பது மார்க்கச் சட்ட அறிஞர் வகுத்த விதி. இந்நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய தருமச் சொத்துக்களின் பரிபாலனத்திற்கு ஒழுங்கு செய்தது. கணினி உலகிலும் இதனையொத்த தருமம் ஒன்று உண்டு. அதன் வரலாற்றையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

1983ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், றிச்சட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் இயக்கலாம், அதன் மூலநிரலை ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே அவர் கொள்கை. 1989இல் அவர் வெளியிட்ட பொது உரிமம் ஒரு நிபந்தனையையும் விதித்தது. திருத்தி வழங்குவோர், தாம் பெற்ற அதே சுதந்திரத்தைத் தம்மிடம் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும். பின்லாந்து மாணவர் லினஸ் டோவால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவும் மறு ஆண்டு இவ்வுரிமத்தின்கீழ் வந்தது. உலகெங்குமுள்ள நிரலாளர் பலர் அதற்குத் தம் உழைப்பை ஈந்தனர்.

2002ஆம் ஆண்டில் ஒரு சிக்கல் எழுந்தது. பலர் அனுப்பும் திருத்தங்களை ஒழுங்குபடுத்துதற்கு டோவால்ட்ஸ் 'பிட்கீப்பர்' என்னும் கருவியைத் தெரிந்தெடுத்தார். அது திறமையான கருவியே. லினக்ஸ் பணி அதனால் விரைவுற்றது. ஆயினும் அது அக்காலத்தில் கட்டற்ற மென்பொருளாக இருக்கவில்லை. இலவசமாகப் பெறுவோர் அதற்குப் போட்டியான கருவியை உருவாக்கலாகாதென்ற நிபந்தனையும் இருந்தது. சுதந்திரத்திற்காக உழைப்பை ஈந்தவரைப் பூட்டிய கருவியால் வேலைசெய்யச் சொல்லுதல் முறையோ என ஸ்டோல்மனும் வேறு பலரும் வினவினர். உரிமத்தில் எந்த எழுத்தும் மீறப்படவில்லை. மீறப்பட்டது விருப்பமே என்பது அவர்கள் கவலை.

பிட்கீப்பரை ஆக்கிய லாரி மக்வோய்க்கும் தம் படைப்பின்மீது உரிமை உண்டென்பதை நாம் மறத்தலாகாது. 2005 ஏப்பிரிலில் அவர் தம் இலவச அனுமதியை நிறுத்தினார். மாற்றுக் கருவி கையிலின்றி நின்ற டோவால்ட்ஸ் அம்மாதமே 'கிட்' என்ற கட்டற்ற கருவியை எழுதத் தொடங்கினார். இன்று உலகின் நிரலாளரிற் பெரும்பாலோர் கையாளுவது அதனையே. பிறர் தயவில் நிற்கும் வசதி எத்துணை நிலையற்றதென்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இவற்றால் நமக்கென்ன எனக் கேட்பீராயின், 2004 திசெம்பர் 26ஆம் நாளை நினைவுகூருங்கள். அன்றைய ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வேண்டப்படும் பொருட்கள் ஆகிய விவரங்களைத் திரட்டுதற்கு இலங்கைக் கணினித் தொண்டர்கள் சில நாட்களில் 'சஹன' என்னும் மென்பொருளை எழுந்துநிற்கச் செய்தனர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். முன்னரே பிறர் தருமமாக ஈந்த கட்டற்ற மென்பொருட்களின்மீது கட்டப்பட்டமையாலேயே அனுமதியும் விலையும் பேசிக்கொண்டிராது அவர்களால் விரைந்து செயற்பட முடிந்தது. அவர்களும் தம் படைப்பைப் பூட்டிவைத்தாரல்லர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டிற்குரிய சமூகப் பயன் விருதை அதற்கு அளித்தது.

ஆதலின், நிரல் எழுதக் கற்கும் எம் மாணவர்க்கு நான் கூற விரும்புவது ஒன்றே. ஒருவர் ஈந்த மென்பொருளை எடுத்தாளுமுன் அவர் எழுத்தில் விதித்ததை வாசியுங்கள். அது கட்டாயக் கடமை. அவர் எதற்காக ஈந்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதற்கேற்ற கருவியைத் தெரிந்தெடுங்கள். இரண்டாவதைச் சட்டம் கேட்பதில்லை, நன்றியறிதல் கேட்கும். வக்பு நிலத்தின் விளைச்சலை உண்பவர் அதனை ஈந்தவரின் எண்ணத்தை மறவாதிருத்தல்போல, நாமும் இவ்வாக்கியோரின் எண்ணத்தை மறவாதிருப்போமாக.