தோய்த்தெடுத்த கைகள்: சாக்லேட் பூசிய உப்புத் தின்பண்டத்தின் உழைப்பு வரலாறு

உப்பு தூவிய பிரெட்ஸலை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து, மெழுகுத்தாளின் மேல் இறுகவைப்பது இன்று அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் காலத்துச் சிறுவர் வேலை. அடுப்புகூட வேண்டியதில்லை, மைக்ரோவேவ் போதும். சமையல் குறிப்புகள் 'எளிது' என்னும் சொல்லை விடாமல் சேர்த்தே இதனை எழுதுகின்றன. நூறாண்டுகளுக்கு முன்னர் இதே வேலை தனிப்பெயர் பெற்ற ஒரு கைத்தொழிலாக இருந்தது. அதனைச் செய்தோர் ஏறத்தாழ அனைவரும் பெண்கள். அந்தத் திறன் எவ்வாறு 'எளிது' ஆயிற்று, அதனால் யாருடைய உழைப்பு பார்வையிலிருந்து மறைந்தது என்பன உணவு வரலாற்றில் போதிய கவனம் பெறாத கேள்விகள்.

கொக்கோ வெண்ணெயின் இயல்பிலிருந்தே தொடங்க வேண்டும். இறுகும்போது அது ஆறு வகைப் படிகங்களாக அமையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகை மட்டுமே பளபளப்பும், ஒடிக்கும்போது 'டக்'கென்னும் ஓசையும், வாயில் வைத்ததும் கரையும் குணமும் தருவது. கறுப்புச் சாக்லேட்டை 45 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே உருக்கி, 27 அல்லது 28 பாகைக்கு ஆற்றி, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு ஏற்றினால்தான் அந்த வகை நிலைபெறும். இரண்டு மூன்று பாகை பிசகினாலும் மறுநாள் மேற்பரப்பில் வெளிறிய பூப்புப் படர்ந்துவிடும். ஆங்கிலத்தில் எஃகைப் பதப்படுத்துவதற்கும் சாக்லேட்டைப் பதப்படுத்துவதற்கும் ஒரே வினை வழங்குகிறது. தமிழின் 'தோய்' இன்னும் விரிந்தது: நனைத்தெடுப்பதும் தோய்த்தல்தான்; பால் தயிராக உறைவதும் தோய்தல்தான்; இரும்பைக் காய்ச்சி நீரில் பதமேற்றுவதும் தோய்ச்சல்தான். சாக்லேட்டைக் காணாத ஒரு மொழியின் வினைச்சொல், அத்தொழிலின் மூன்று செயல்களையும் ஒருசேர உணர்த்தி நிற்பது தற்செயலே ஆயினும் சுவையானது.

பூச்சுக்கு ஏற்ற சாக்லேட் வெகுகாலம் இருந்ததில்லை. 1828-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் ஹௌட்டன் கொக்கோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1847-இல் பிரிஸ்டலின் ஃபிரை நிறுவனம் அந்த வெண்ணெயையே கொக்கோவோடும் சர்க்கரையோடும் மீளக் கலந்து கடித்துண்ணும் சாக்லேட்டைச் செய்தது. எனினும் அது நறநறவென்றிருந்தது. 1879-இல் பெர்ன் நகரில் ரோடால்ஃப் லின்ட் நெடுநேரம் அரைத்துக் கிளறும் பொறியை உருவாக்கிய பின்னரே சாக்லேட் வழுவழுப்பாக ஓடும் குழம்பாயிற்று. ஓடுகின்ற குழம்பைத்தான் மெல்லிய தோலாகப் போர்த்த முடியும்.

உப்பும் சாக்லேட்டும் அண்டை வீட்டாராக வாழ்ந்த இடம் பென்சில்வேனியா. ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகள் அங்கே பிரெட்ஸலைக் கொண்டுவந்தனர். லிட்டிட்ஸ் என்னும் சிற்றூரில் ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் 1861-இல் தொடங்கிய பிரெட்ஸல் அடுமனை அமெரிக்காவின் முதல் வணிகமுறைப் பிரெட்ஸல் கூடமாகக் கருதப்படுகிறது. அதே லங்காஸ்டர் மாவட்டத்தில் கேரமல் செய்துவந்த மில்டன் ஹெர்ஷி, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் டிரெஸ்டன் நகர லேமன் நிறுவனத்தின் சாக்லேட் பொறிகளைக் கண்டு அவற்றை வாங்கினார். அவரது முதல் நோக்கம் கேரமலுக்குச் சாக்லேட் போர்த்துவதே. 1900-இல் கேரமல் தொழிலைப் பத்து இலட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். போர்வை வைத்துக்கொள்ளப்பட்டது, உள்ளீடு கைவிடப்பட்டது. இத்தகைய சூழலில், பிரெட்ஸலை முதலில் சாக்லேட்டில் தோய்த்தவர் யார் என்று தேடுவது வீண்வேலை. இரண்டும் ஒரே சந்தையில் கிடைத்த ஊர்களில் அது பலமுறை நிகழ்ந்திருக்க வேண்டும்.

இந்த இணைப்பு நாவுக்கு இதமாக இருப்பதற்குக் காரணமுண்டு. உப்பு கசப்பை அடக்குகிறது. அடங்கியிருந்த இனிப்பு அதனால் மேலெழுகிறது. பிரெஸ்லினும் போஷாம்பும் 1997-இல் 'நேச்சர்' இதழில் இதனை நிறுவினர். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பிடும் பாட்டிமார்களுக்கு இது புதுச்செய்தியன்று. இன்னொரு காரணம் ஈரம் பற்றியது. உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் விழுந்தாலும் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பு திரண்டு கட்டியாகிவிடும். பிரெட்ஸலும் உருளைக்கிழங்கு வறுவலும் நீர் வற்றிய பண்டங்கள். எனவேதான் பழத்துண்டு தரும் தொல்லையை அவை தருவதில்லை. மேலே படியும் கொழுப்பு, காற்றின் ஈரம் உட்புகாமல் காத்து மொறுமொறுப்பையும் நீட்டிக்கிறது.

இனி, தோய்த்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியிலும் அமெரிக்க மிட்டாய்த் தொழிற்சாலைகளில் சாக்லேட் தோய்ப்பவர் என்பது ஒரு தனிப் பணி. அவர் பளிங்குப் பலகையின்மேல் உருகிய சாக்லேட்டை ஊற்றி, வெறுங்கையால் அளைந்துகொண்டே இருப்பார். வெப்பமானி அவர் உள்ளங்கைதான். பதம் வந்த கணத்தில் உள்ளீட்டை அதிலிட்டுப் புரட்டி எடுத்து, விரல்நுனியிலிருந்து ஒழுகும் இழையால் உச்சியில் ஒரு சுழியை இழுப்பார். அச்சுழி அலங்காரம் மட்டுமன்று. உள்ளே இருப்பது இன்னது என்று காட்டும் குறியீடு. வெனிலாவுக்கு ஒரு சுழி, ஆரஞ்சுக்கு வேறொன்று எனத் தொழிற்சாலைதோறும் ஒரு வகை 'எழுத்து' இருந்தது. எழுத்துமுறைகளைப் பற்றிப் பேசுவோர் இதனையும் ஒரு சிறு குறியமைப்பாகக் கொள்ளலாம். எழுதியவர் கையொப்பம் மட்டும் அதில் இல்லை.

தோய்க்கும் அறை குளிர்ச்சியாகவே வைக்கப்பட்டது. அது பெண்களின் நலம் கருதியதன்று, சாக்லேட்டின் நலம் கருதியது. கோடையில் வேலை குறையும். பண்டிகைக்கு முந்தைய மாதங்களில் வேலை நேரம் நீளும். வறண்ட, குளிர்ந்த காலநிலையால் மிட்டாய்த் தொழிலுக்குப் பேர்பெற்ற சால்ட் லேக் சிட்டியில் 1910-ஆம் ஆண்டு இப்பெண்கள் தங்களுக்கெனச் சங்கம் அமைத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். (ஊர்ப்பெயரிலேயே உப்பு இருப்பது கவனிக்கத்தக்கது.) பின்னர் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் மகளிர் பணியகம் சிகாகோ, செயின்ட் லூயிஸ் நகரங்களின் மிட்டாய்த் தொழிலில் இருந்த பெண்களின் வேலை நேரம், கூலி, பணிச்சூழல் ஆகியவற்றை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை வெளியிட்டது. நீளமான அட்டவணைகள் கொண்ட இத்தகைய அறிக்கைகளே இன்று தோய்ப்பவர்களைப் பற்றிய சான்றுகளில் முதன்மையானவை. சமையல் நூல்கள் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

அதற்குள் பொறி வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான பூச்சுப்பொறி, கம்பிவலைப் பட்டையில் நகரும் பண்டங்களின்மேல் சாக்லேட்டைத் திரைபோல் வீழ்த்தியது. சில தொழிற்சாலைகளில் பட்டையின் கடைசியில் பெண்கள் நின்று, பொறி பூசியவற்றின்மேல் சுழியை மட்டும் கையால் இழுத்தனர். உடலை இழந்த தொழிலின் எச்சம் அது.

வீட்டுக்கு வந்த தோய்ப்பு இந்தக் கைத்திறனின் வாரிசு அன்று என்பதே முதன்மையான செய்தி. மாசசூசெட்ஸின் டோல் ஹவுஸ் விடுதியில் ரூத் வேக்ஃபீல்ட் செய்த பிஸ்கட் புகழ்பெற்றதைத் தொடர்ந்து 1939-இல் நெஸ்லே நிறுவனம் சாக்லேட் சில்லுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சூளையில் உருவம் குலையாதிருக்க வேண்டியவை ஆதலால் சில்லுகளில் கொக்கோ வெண்ணெய் குறைவு. உருக்கினால் களிபோல் தடிக்கும். அதனை இளக்கவே வீட்டுக் குறிப்புகள் ஒரு கரண்டி எண்ணெயோ வனஸ்பதியோ சேர்க்கச் சொல்கின்றன. அடுத்த படியாக, கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற கொழுப்புகளைக் கொண்ட பூச்சுக் கட்டிகள் பரவின. இவற்றுக்குப் படிகப் பதம் தேவையில்லை; உருக்கினால் போதும், ஆறினால் இறுகும். அமெரிக்கச் சட்டப்படி இவற்றை வெறுமனே சாக்லேட் என்று அழைக்கலாகாது. ஆகவேதான் பொதிகளில் 'பூச்சு' என்பது போன்ற சுற்றிவளைத்த பெயர்கள். பெண்களின் உள்ளங்கை அறிந்திருந்ததை வீட்டுப் பெண்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கற்க வேண்டாதபடி கொழுப்பே மாற்றப்பட்டது.

இந்தியாவில் இக்கட்டிக்குக் 'காம்பவுண்ட்' என்றே பெயர். 30 பாகைக்கு மேல் கொதிக்கும் சமையலறைகளில் கொக்கோ வெண்ணெயின் ஐந்தாம் படிகத்தை நிலைநிறுத்துவது இயலாத செயல். ஆகவே வீட்டில் சாக்லேட் தொழில் நடத்தும் பெண்கள் பலர் காம்பவுண்டையே நம்பியிருக்கின்றனர். உதகமண்டலத்துக் கடைகளில் 'ஹோம்மேட் சாக்லேட்' என்னும் பலகைகள் வரிசையாகத் தொங்குவதற்கு மலைக்குளிர் ஒரு காரணம். அப்பலகைகளுக்குப் பின்னால் முந்திரியையும் பாதாமையும் தோய்த்தெடுப்போரின் கூலியையும் வேலை நேரத்தையும் 1923-ஆம் ஆண்டு அறிக்கையைப்போல் ஒரு முறை கணக்கெடுத்தால், அது உணவு வரலாற்றுக்கும் உழைப்பு வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும் ஆய்வாக அமையும்.