காற்பங்கு கல்லூரியில்: சிங்கப்பூர்த் தமிழாசிரியர் உருவான வழி

கிளமெண்டி சாலைக்கு ஒரு பழம்பெயர் உண்டு. சீர்திருத்தப் பள்ளிச் சாலை என்னும் பொருள்பட 'ரிஃபார்மேட்டரி ரோடு' என்று அது முன்னர் வழங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இன்றைய பெயர் வாய்த்தது. இப்பெயர் 1887 முதல் 1893 வரை ஆளுநராயிருந்த சர் செசில் கிளமெண்டி ஸ்மித்தைக் குறிப்பதென்பாரும், 1930 முதல் 1934 வரை ஆளுநராயிருந்த சர் செசில் கிளமெண்டியைக் குறிப்பதென்பாரும் உளர். பின்னவர், மலாய்மொழிக் கல்வியை மட்டுமே அரசு இலவசமாக வழங்குதல் வேண்டும், சீன, தமிழ்ப் பள்ளிகளுக்குரிய மானியம் சுருங்குதல் வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தியவர். அவர் பெயரோடு தொடர்புபடுத்தப்பெறும் அதே சாலையில், 2006-ஆம் ஆண்டில், சிம் பல்கலைக்கழகம் தமிழ்மொழி இலக்கிய இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அப்பல்கலைக்கழகமே 2017 முதல் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என வழங்குகின்றது. அருகிலுள்ள நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பாலர் கல்வியோடு இணைந்த தமிழியல் பட்டயப் படிப்பு பின்னர்த் தோன்றியது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கிடக்கின்றது. அவ்விடைவெளியில் தமிழாசிரியர் எவ்வாறு உருவாக்கப்பட்டார், எங்கே கைவிடப்பட்டார், மீண்டும் எவ்வாறு தேடப்பட்டார் என்பதை இவ்வுரையில் நோக்குவோம். ஆசிரியர்க்கும் ஆசிரியராக விழையும் மாணவர்க்கும் இது பழங்கதையன்று. அவர்கள் இன்று நடக்கும் வழியின் வரலாறு.

நன்னூலார் காட்டிய பங்கீடு

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் நல்லாசிரியரின் இயல்பை நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கு உவமைகளால் விளக்குவார். பள்ளியில் நாம் அனைவரும் அதனைப் படித்திருக்கின்றோம். அதே பாயிரத்தில் கற்றல் நிறைவுறும் முறையைக் கூறும் பகுதி அத்துணைப் பரவலாக நினைக்கப்படுவதில்லை. ஆசிரியர் உரைத்ததைக் கேட்டு ஒருவன் பெறுவது காற்பங்கு. உடன்பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைக்கும்போது எஞ்சிய அரைப்பங்கும் கைகூடும் என்பது அவர் கருத்து.

இது மாணவர்க்குக் கூறப்பட்டது. ஆயினும் ஆசிரியப் பயிற்சிக்கு இதனினும் பொருத்தமான அளவுகோலை நாம் காணவில்லை. கல்லூரி தருவது ஒரு கால். உடன்பணியாளர் தருவது ஒரு கால். வகுப்பறை தருவது அரை. ஒரு சமூகம் தன் ஆசிரியர்க்கு இவற்றுள் எதனை வழங்கிற்று, எதனை வழங்கத் தவறிற்று என்று கேட்டால், அதன் கல்வி வரலாறு பெரிதும் விளங்கிவிடும்.

திண்ணையிலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் அரைப்பங்கே முதன்மை பெற்றிருந்தது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்தே தானும் கற்றான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்க்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரோடு அது ஐரோப்பாவெங்கும் பரவியது.

முறையான பயிற்சி நிறுவனங்கள் பின்னர்ப் பெருகின. 1856-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற அரசினர் பயிற்சிப் பள்ளி, காலப்போக்கில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை மொழிக்கு மொழி வேறுபட்டது. மலாய் ஆசிரியர்க்காகச் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் 1878-லேயே ஒரு பயிற்சிக் கல்லூரி எழுந்தது; தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1922-இல் திறக்கப்பெற்றது. தமிழாசிரியர்க்கு அவற்றுக்கு நிகரான ஒன்று போருக்கு முன் அமையவில்லை.

ஆகவே அக்காலத் தமிழ்ப் பள்ளிகள் சமய அமைப்புகளாலும் சீர்திருத்தச் சங்கங்களாலும் தொழிலாளர் ஆதரவாலும் நடைபெற்றன. கற்பித்தோருள் பலர் தமிழகத்திலோ யாழ்ப்பாணத்திலோ பெற்ற கல்வியோடு வந்தவர்கள். அல்லது ஓரளவு படித்து, வகுப்பில் நின்றே தொழில் பழகியவர்கள். நன்னூலார் கணக்கில் அவர்களுக்கு வாய்த்தது பின்னைய அரைப்பங்கு மட்டுமே. அதனைக்கொண்டே அவர்கள் ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவித்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

கல்லூரி வந்தது, மேற்படி இல்லை

1950-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி சிங்கப்பூரில் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் தோன்றியது. 1956-இல் அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தும் கொள்கையை முன்வைத்தது. இதன் பயனாகத் தமிழாசிரியரும் அரசின் முறையான பயிற்சிக்கு உரியராயினர். பள்ளிகள் விரைந்து பெருகிய அக்காலத்தில், பயிற்சி பெறுவோர் நாளின் ஒரு பாதியில் வகுப்பெடுத்து, மறுபாதியில் தாம் மாணவராய் அமர்ந்தனர். அது கடுமையான வாழ்வு. எனினும், காலையிற் கற்பித்ததை மாலையில் வினவவும், மாலையிற் கேட்டதை மறுநாட் காலையிற் செய்து பார்க்கவும் அது இடந்தந்தது.

பயிற்சிக் கல்லூரி 1973-இல் கல்விக் கழகமாயிற்று. அது 1991-இல் உடற்கல்விக் கல்லூரியோடு இணைந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாகிய தேசியக் கல்விக் கழகமாக உருப்பெற்றது. நிறுவனத்தின் வளர்ச்சியில் தொடர்ச்சி இருந்தது. தமிழுக்கோ ஏணியின் மேற்படிகள் நிலைபெறவில்லை.

1950-களின் நடுவில் தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதித் திரட்டலை முன்னின்று நடத்தினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெறவேண்டும் என்பது அதன் நோக்கம். வசதி படைத்தோரோடு எளிய உழைப்பாளரும் அதற்கு ஈந்தனர். 1956-இல் சிங்கப்பூர் வளாகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. 1959-இல் அது கோலாலம்பூருக்கு மாறியது. அதன்பின், தமிழில் பட்டம்பெற விழைந்த சிங்கப்பூர் ஆசிரியர் பலர் கடல்கடந்து செல்லவோ, தமிழகப் பல்கலைக்கழகங்களில் அஞ்சல்வழிப் பயிலவோ வேண்டியதாயிற்று. 1959-க்கும் கிளமெண்டி சாலையில் பட்டப்படிப்பு தொடங்கிய 2006-க்கும் இடையே நாற்பத்தேழு ஆண்டுகள் உள்ளன. ஓர் ஆசிரியரின் பணிக்காலம் முழுவதும் அவ்விடைவெளிக்குள் அடங்கிவிடும்.

1982: ஊற்றுக்கண் மாறிய ஆண்டு

இவ்வரலாற்றில் பட்டப்படிப்பின் இடைவெளியினும் ஆழமான மாற்றம் ஒன்றுண்டு. கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946-இல் நிறுவிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, 1960-இல் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்து, 1982-இல் மூடப்பட்டது. அதனோடு தமிழ்வழிக் கல்வி சிங்கப்பூரில் முற்றுப்பெற்றது. மறு ஆண்டில் அப்புலவர் பெயரிலேயே ஒரு தமிழ்மொழி நிலையம் தோன்றியது. தத்தம் பள்ளியில் தமிழ்கற்க வாய்ப்பில்லாத மாணவர் அங்கு வந்து பயின்றனர். பின்னாளில் அது ஆசிரியர்களின் பணித்திறன் மேம்பாட்டுக்குரிய இடமாகவும் விரிந்தது.

தமிழ்ப் பள்ளி மூடப்பட்டமையால் மாணவர் இழந்தவை பலராலும் பேசப்பட்டுள்ளன. ஆசிரியர் உருவாக்கத்துக்கு நேர்ந்தது அத்துணை பேசப்படவில்லை. அதுவரை பயிற்சிக்கு வந்த தமிழாசிரியருள் பலர், கணக்கையும் வரலாற்றையும் அறிவியலையும் தமிழிலேயே கற்றவர்கள். அதன்பின் உள்நாட்டிற் பயின்று வருவோர், தமிழைத் தாய்மொழிப் பாடமாக மட்டும் கற்று, ஏனைய அனைத்தையும் ஆங்கிலத்தில் கற்றவர்கள். அவர்களது அறிவுக்கோ ஆர்வத்துக்கோ குறைவில்லை. ஆனால் ஒரு கருத்தைத் தமிழிலேயே எண்ணி, விரித்து, மறுத்து எழுதும் பழக்கம் பள்ளிப் பருவத்தில் அவர்களுக்கு வாய்க்கவில்லை. முன்பு பள்ளி தந்ததைப் பயிற்சி நிறுவனமும் பல்கலைக்கழகமும் தரவேண்டிய கடமை அன்றுதான் பிறந்தது. அக்கடமைக்குரிய படிகள் முழுமையாக அமைய மேலும் இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயின.

மொழியியல் ஏன் வேண்டும்?

2005-ஆம் ஆண்டில் தமிழ்மொழிப் பாடத்திட்டமும் கற்பித்தல் முறையும் மறுஆய்வு செய்யப்பெற்றபோது, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரவேண்டும் என்னும் பரிந்துரை எழுந்தது. சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கு என்னும் மொழிநிலைக்குத் தமிழ் தக்கதோர் எடுத்துக்காட்டு. எழுதுவது ஒன்று, பேசுவது மற்றொன்று. இரண்டுக்கும் தத்தம் இலக்கணம் உண்டு.

ஒரு சிறுமி வகுப்பில், "அம்மா வந்துகிட்டு இருக்காங்க" என்கிறாள் எனக் கொள்வோம். மொழியியற் பயிற்சி இல்லாத ஆசிரியர் உடனே, "அப்படிச் சொல்லக்கூடாது, 'வந்துகொண்டிருக்கிறார்' என்று சொல்" எனத் திருத்துவார். சிறுமி வாயடைத்துப்போவாள். அடுத்த முறை அவள் ஆங்கிலத்தில் பேசுவாள்; அதில் அவளைத் திருத்துவார் குறைவு. பயிற்சி பெற்ற ஆசிரியரோ, 'கொண்டு' என்பது பேச்சில் 'கிட்டு' என்றும், 'போய்விட்டான்' என்பது 'போயிட்டான்' என்றும் திரிவது ஒழுங்கான மாற்றம் என்பதை அறிவார். முதலில் விடையைக் கேட்பார். எழுத வேண்டிய வேளையில் அத்திரிபின் வழியே எழுத்து வடிவத்துக்கு அழைத்துச் செல்வார். ஒரே பிள்ளை, ஒரே வாக்கியம். ஆசிரியர் பெற்ற பயிற்சியே வேறு.

வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் 2010-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 பேர், 2020-ஆம் ஆண்டில் 2.5 பேர். வீட்டில் கேளாத மொழியைப் பிள்ளை முதலிற் கேட்கும் வாய் ஆசிரியருடையதாகவே இருக்கக்கூடும். ஆதலின் தமிழாசிரியர் பயிற்சியில் ஏற்படும் குறை, பாடத்தின் குறையோடு நின்றுவிடாது.

இன்றைய வழிகளும் குறையும் காற்பங்கும்

இன்று வழிகள் பல. 1997 முதல் பள்ளிகள் தொகுதிகளாக இணைக்கப்பெற்று ஒன்றினின்று ஒன்று கற்கத் தலைப்பட்டன. 1998 முதல் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நூறு மணிநேரப் பணித்திறன் பயிற்சிக்கு உரியர். 2001-இல் கற்பித்தல், தலைமைத்துவம், சிறப்பு வல்லுநர் என மூன்று பணிப்பாதைகள் வகுக்கப்பெற்றன. வகுப்பறையை விட்டு நிர்வாகத்துக்குச் செல்லாமலே ஓர் ஆசிரியர் மூத்த ஆசிரியராகவும், முதன்மை ஆசிரியராகவும் உயரலாம் என்பது இதன் பெரும்பயன். 2010-இல் சிங்கப்பூர் ஆசிரியர் கழகம் நிறுவப்பெற்றது. நல்லாசிரியர் விருது 2002 முதல் தமிழாசிரியரைப் பொதுமக்கள் முன்னிலையில் சிறப்பிக்கின்றது. கல்லூரி தரும் காற்பங்கும் வகுப்பறை தரும் அரைப்பங்கும் இன்று ஓரளவு நிறைவாகவே உள்ளன.

குறைவுபடுவது உடன்பயில்வார் தரும் காற்பங்கு. பள்ளியொன்றில் ஆங்கில ஆசிரியர் பலர் ஒரே அறையில் அமர்ந்து பாடத்தை விவாதிக்க இயலும். தமிழாசிரியரோ பல பள்ளிகளில் ஒருவராகவோ, இருவர் மூவராகவோ உள்ளனர். தம் பாடத்தைப் பார்த்து, தம் மொழியிலேயே கருத்துரைக்கும் ஒரு தோழர் அடுத்த இருக்கையில் இல்லை. இது எவர் குற்றமும் அன்று, எண்ணிக்கையின் விளைவு. ஆயினும் விதிமுறைகள் மட்டும் இதனைத் தீர்த்துவிட இயலாது. ஆசிரியர் தாமே முன்வந்து செய்யவேண்டியது இது.

அதனால் ஆசிரியர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. பருவத்துக்கு ஒருமுறையேனும் அண்டைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள்; அவர் வகுப்புக்கு நீங்கள் செல்லுங்கள். சிறந்த பாடத்தை அரங்கேற்றிக் காட்டுதல் வேண்டா. சரியாக அமையாத பாடத்தையே காட்டுங்கள். அதில்தான் பேசுவதற்கு மிகுதியாக இருக்கும். மாணவராகிய உங்களுக்கும் ஒன்று சொல்வோம். ஆசிரியப் பணியைத் தேர்வது குறித்து எண்ணுவோர், முதலில் தம்பிக்கோ அண்டைவீட்டுப் பிள்ளைக்கோ ஒரு பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். நமக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தது உண்மையில் தெரியுமா என்பது அப்போது புலப்படும்.

வேலைநாள் மாலைகளில், பள்ளி முடிந்து, பையில் திருத்தாத பயிற்சி ஏடுகளோடு கிளமெண்டி சாலைக்குத் தமிழ்ப் பட்டம் பயில வந்த ஆசிரியர் உண்டு. பகலிற் கற்பித்து மாலையிற் கற்ற 1950-களின் பயிற்சி ஆசிரியருக்கும் அவர்களுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கின்றது. அத்தொடர்ச்சி ஒருமுறை அறுந்து, மீண்டும் கட்டப்பெற்றது. மறுமுறை அறுந்தால், கட்டுவதற்கு உரியவர் அன்று தமிழில் எண்ணக்கூடியவராக இருப்பாரா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.