இணைய வானொலிப் பதிவு

இணைய வானொலிப் பதிவு என்பது இணையம் வழியாகத் தொடர்ச்சியாக வந்துகொண்டிருக்கும் வானொலி ஒலிபரப்பை வீட்டுக் கணினியில் ஒலிக் கோப்பாகச் சேமித்துக்கொள்வதாகும். இணைய ஒலிபரப்பின் தரவு கேட்பவரின் கணினிக்கு வந்து, சில நொடிகள் தற்காலிக நினைவகத்தில் தங்கி, ஒலித்து முடிந்ததும் அழிந்துவிடுகிறது. அழியவிருக்கும் அத்தரவை வன்தட்டில் எழுதிவைப்பதே பதிவு. வேறு மாயம் எதுவும் இதில் இல்லை. நிலையங்கள் தம் அன்றாட ஒலிபரப்பைப் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்துவைப்பதில்லை. எனவே ஒரு நிகழ்ச்சி காற்றோடு போய்விடுமா, எஞ்சுமா என்பதைப் பல வேளைகளில் கேட்பவரே தீர்மானிக்கிறார்.

சென்னையில் பின்னணி

சென்னையில் வானொலி 1924 இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகத்துடன் தொடங்கியது. பணமின்றி அக்கழகம் 1927 இல் நின்றுபோக, மாநகராட்சி 1930 இல் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. அக்காலத்தில் வானொலிப் பெட்டி வாங்க இயலாதவர்கள் திருவல்லிக்கேணியை ஒட்டிய மெரினா கடற்கரையின் ஒலிபெருக்கிகளில் நிகழ்ச்சி கேட்டனர். 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கப்பட்டது. இன்று அந்நிலையம் கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலையில் இயங்குகிறது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பும் 1977 சூலை 23 அன்று சென்னையிலிருந்தே தொடங்கியது.

வானொலியிலிருந்து பதிவு செய்யும் வழக்கம் இந்நகருக்குக் கணினி கொண்டுவந்தது அன்று. கருநாடக இசை இரசிகர்கள் முதலில் சுருள் நாடாவிலும் பின்னர் ஒலிப்பேழையிலும் (கேசட்) கச்சேரிகளைப் பதிந்துவந்தனர். மதுரை மணி அய்யர் (1912–1968) போன்றோரின் முழுக் கச்சேரிகள் இன்றைய தலைமுறையின் செவிக்கு எட்டுவது பெரும்பாலும் இத்தகைய தனிநபர் பதிவுகள் வழியாகத்தான். அந்த இரசிகர்கள் நாடா தீரும் இடத்தில் இராகத்தைப் பாதியில் இழந்தார்கள். கணினியில் பதிபவர் இழப்பது வேறு இடங்களில். அவை கீழே விளக்கப்படுகின்றன.

திருவல்லிக்கேணி போன்ற நெருக்கமான பகுதிகளில் இணைய ஒலிபரப்புக்குத் தனிப் பயன் உண்டு. சென்னை அலைவரிசையின் 720 கிலோ ஏர்ட்சு மத்திய அலை, குழல்விளக்குச் சோக்கு, நீரேற்று மோட்டார், கணினியின் மின்வழங்கி ஆகியவற்றின் இரைச்சலை எளிதில் வாங்கிக்கொள்ளும். மேன்சன் அறைகளில் வெளி அலைவாங்கி கட்ட இடமும் இருப்பதில்லை. இணையத்தில் வரும் அதே நிகழ்ச்சியில் இவ்விரைச்சல் இல்லை. சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் பண்பலை, டொராண்டோவின் தமிழ் வானொலிகள் ஆகியன எந்த அலைவாங்கிக்கும் எட்டாதவை. அவற்றை இணையமே கொண்டுவந்து சேர்த்தது.

இணைப்பும் அளவும்

விஎஸ்என்எல் 1995 ஆகத்து 15 அன்று சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. ரியல் ஆடியோ வடிவமும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. தொலைபேசி வழி இணைப்பு நொடிக்கு அதிகபட்சம் 56 கிலோபிட் என்பதால், அக்கால ஒலிபரப்புகள் 16 அல்லது 20 கிலோபிட்டுக்கு நசுக்கப்பட்டே வந்தன. வீணையும் தவிலும் அதில் ஒன்றுபோல் ஒலித்தன என்றால் மிகையில்லை. பிஎஸ்என்எல் அகலப்பட்டை 2005 இல் வந்தபின் நிலை மாறியது. அப்போது அதன் சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை தரவு அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கவில்லை. அந்நேரம் கோடைக்காலத்தில் டொராண்டோவில் மாலை 4.30 முதல் இரவு 10.30 வரை, அதாவது அங்குள்ளோர் வேலை முடித்து வானொலி கேட்கும் நேரம். உறங்கும்போது கணினியே பதிந்துகொள்ளுமாறு விட்டுவைக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அமைந்திருக்காது.

கோப்பின் அளவைக் கணக்கிடுவது எளிது. நொடிக்கு 128 கிலோபிட் எனில் 16 கிலோபைட்; ஒரு மணி நேரத்துக்கு 57.6 மெகாபைட். 32 கிலோபிட் எனில் 14.4 மெகாபைட். இறுவட்டுத் தரத்தில் சுருக்காமல் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட்.

நேரடிச் சேமிப்பு

இதுவே சிறந்த முறை. நிலையம் அனுப்பும் தரவை ஒலியாக மாற்றாமல் வந்தபடியே கோப்பில் எழுதுவதால் தரம் ஒரு சிறிதும் குறையாது. ஒலி அட்டைகூடத் தேவையில்லை. நிலையத்தின் பக்கத்தில் கிடைக்கும் .பிஎல்எசு அல்லது .எம்3யு கோப்பை உரைத் தொகுப்பியில் திறந்தால் உண்மையான ஒலிபரப்பு முகவரி அதற்குள் இருக்கும். அம்முகவரியை விஎல்சி, எம்பிளேயர், எஃப்எஃப்எம்பெக் போன்ற கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்குக் கொடுத்தால் போதும்.

ஷவுட்காஸ்ட் வகை ஒலிபரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பைட்டுகளுக்கு ஒருமுறை பாடலின் தலைப்பு ஒலித்தரவின் நடுவே செருகி அனுப்பப்படும். 2000களில் பரவலாக இருந்த ஸ்ட்ரீம்ரிப்பர் மென்பொருள், தலைப்பு மாறும் இடத்தை ஒட்டி அமைதியான ஒரு கணத்தைத் தேடி அங்கே கோப்பைத் துண்டிக்கும். திரைப்பாடல்களுக்கு இது நன்கு பொருந்தும். கச்சேரிக்குப் பொருந்தாது, ஒரு கச்சேரி முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே தலைப்புதான் வரும், தம்புரா ஒலித்துக்கொண்டே இருப்பதால் அமைதியான கணமும் கிடைக்காது. கச்சேரியை ஒரே கோப்பாகப் பதிந்து, பின்னர் கையால் பிரிப்பதே நலம்.

2009 இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்எல்எசு முறையில் ஒலிபரப்பு சில நொடித் துண்டுகளாக வருகிறது. பட்டியலில் அண்மைய துண்டுகள் மட்டுமே இருக்கும், பழையவை நீங்கிவிடும். இணைப்பு சிறிது நேரம் அறுந்தால் விட்டதைப் பிடிக்கலாம். நெடுநேரம் அறுந்தால் இடைப்பட்டது போனதுதான்.

ஒலி அட்டை வழிப் பதிவு

முகவரி மறைக்கப்பட்டிருந்தால், கணினியில் ஒலிப்பதை அப்படியே திரும்பப் பதியலாம். விண்டோசில் 'ஸ்டீரியோ மிக்ஸ்', லினக்சில் பல்சுஆடியோவின் 'மானிட்டர்' ஆகியன இதற்கானவை. விஸ்டாவுக்குப் பின் முன்னது இயல்பாக மறைத்துவைக்கப்பட்டிருப்பதால், இல்லை என்று எண்ணிப் பலர் கைவிட்டுவிடுகின்றனர். இம்முறையில் கணினியின் பிற ஒலிகளும் பதிவில் சேரும். ஆலாபனையின் நடுவே மின்னஞ்சல் வந்த மணியோசை நிரந்தரமாகத் தங்கிவிடும்.

சாதாரண வானொலிப் பெட்டியின் காதணிபேசித் துளையிலிருந்து கணினியின் 'லைன் இன்' துளைக்கு 3.5 மில்லிமீட்டர் கம்பி இழுப்பதும் ஒரு வழி. அண்ணா சாலைக்கு மறுபுறம் உள்ள ரிச்சி தெருவில் இக்கம்பி எளிதில் கிடைக்கும்.

மின்தடையும் கடிகாரமும்

பதிவின் நடுவே மின்சாரம் நின்றால் எது மிஞ்சும் என்பது கோப்பு வடிவத்தைப் பொறுத்தது. எம்பி3 கோப்பு ஏறத்தாழ 26 மில்லிநொடி நீளமுள்ள தனித்தனிச் சட்டங்களின் வரிசை. எங்கு அறுந்தாலும் அதுவரை உள்ளது ஒலிக்கும். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் மொத்த அளவு இறுதியில்தான் சரியாக எழுதப்படும். எம்4ஏ கோப்பின் அட்டவணையும் பொதுவாகக் கடைசியில் எழுதப்படுவதால், மூன்று மணி நேரப் பதிவு முழுவதும் திறவாமல் போகலாம். மின்வெட்டு உள்ள ஊரில் எம்பி3 அல்லது வெறும் ஏஏசி வடிவமே பாதுகாப்பானது.

கணினியின் தானியங்கி அட்டவணையில் (லினக்சில் கிரான்) நேரத்தைக் குறிக்கும்போது, இணைய ஒலிபரப்பு வான்வழி ஒலிபரப்புக்குச் சில நொடிகள் முதல் ஒரு நிமிடம் வரை பிந்தும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் முன்னே தொடங்கி ஐந்து நிமிடம் பின்னே முடிப்பது வழக்கம். கனடிய நிகழ்ச்சிகள் மார்ச்சிலும் நவம்பரிலும் இந்திய நேரப்படி ஒரு மணி நேரம் நகரும்.

தமிழில் பெயரிடல்

பழைய ஐடி3 முதற்பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுகளே இடம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் ஒருங்குறிக் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். 'பார்த்தசாரதி' என்ற ஒரு சொல்லே 12 குறிகள், 36 பைட்டுகள். அது முழுதாக அடங்காது. எனவே இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்த வேண்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் இட்டால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பிரிவு 37 ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 25 ஆண்டுகள் தனியுரிமை அளிக்கிறது. ஆனால் பதிபவர் தன் சொந்தப் பயனுக்காகவோ, நேர்மையான கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக மட்டுமோ ஒலிப்பதிவு செய்வது அவ்வுரிமையை மீறியதாகாது என்று பிரிவு 39 கூறுகிறது. பாடலுக்கும் இசைக்கும் உள்ள பதிப்புரிமை இதனின் வேறானது. அதில் தனிப்பட்ட பயனுக்கான நியாயமான பயன்பாட்டைப் பிரிவு 52 அனுமதிக்கிறது. பதிந்ததை இணையத்தில் ஏற்றுவதும் விற்பதும் இவ்விலக்குகளுக்குள் வாரா. மீறும் நோக்கத்துடன் மென்பொருள் பூட்டை உடைப்பது 2012 திருத்தத்தின் பிரிவு 65ஏ இன்படி குற்றமாகும்.

பேணுதல்

1941 இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்றுடன் நின்றது. இத்தகைய நிகழ்ச்சிகளைப் பதிந்தவர்கள் செய்தியை மட்டும் வெட்டி எடுத்து மீதியை அழித்திருந்தால், முகப்பு இசையும் அறிவிப்பாளர் வணக்கம் சொல்லும் முறையும் போயிருக்கும். பாடல்கள் இசைத்தட்டிலும் கிடைக்கும்; இவை வேறெங்கும் கிடைக்கா. ஆகவே மூலக் கோப்பை வெட்டாமலும் மறுபடி சுருக்காமலும் வைத்துக்கொண்டு, அதன் படியிலேயே திருத்தங்களைச் செய்ய வேண்டும். மற்றொரு படி வேறொரு வன்தட்டில், இயன்றால் வேறொரு வீட்டில் இருப்பது நல்லது. வீட்டில் எழுதிய இறுவட்டுகள் சில ஆண்டுகளிலேயே படிக்க இயலாமற் போவதுண்டு. கடற்காற்றின் ஈரப்பதம் மிகுந்த திருவல்லிக்கேணியில் அவற்றை மட்டும் நம்பியிருப்பது தகாது.