மோரிஸ் துணிகளும் மறுபதிப்பு மரபும்

வீட்டுத் துணிகளில் மறுபதிப்பு என்பது ஒரு பழைய வடிவமைப்பு இயக்கத்தின் டிசைன்களை எடுத்து, திரைச்சீலை, சோபா உறை, மெத்தை விரிப்பு ஆகியவற்றுக்காக இன்றைய அச்சுக்கும் நிறத்துக்கும் ஏற்பத் திருத்தி, புதிய தொகுப்பாக வெளியிடும் வழக்கமாகும். இதற்கு மிக நன்றாகப் பதிவாகியுள்ள உதாரணம், இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் (1834–1896) தொடங்கிய நிறுவனமும், அவர் காலத்துக்குப் பின்னும் அதே பெயரில் வந்துகொண்டிருக்கும் துணிகளும். இத்தகைய தொகுப்புகளை வெளியிடுவோர், அந்த இயக்கத்தின் உணர்வையே மீட்டுக் கொண்டுவருவதாகச் சொல்வது வாடிக்கை. வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பேச்சு பாதிதான் நிற்கிறது. ஓர் இயக்கம் எந்தக் கொள்கைக்காகத் தொடங்கியதோ அது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. தாளில் வரையப்பட்டு, அச்சுக்கட்டையில் செதுக்கப்பட்டு, யாரோ அலமாரியில் பூட்டிக் காத்தது எதுவோ, அதுதான் திரும்பி வருகிறது. எந்த உருவில் வரும் என்பதை அந்தந்தக் காலத்து அச்சு இயந்திரம் முடிவுசெய்கிறது.

இந்தக் கதை மோரிஸுக்கு முன்பே, நம் சோழமண்டலக் கரையில் தொடங்குகிறது. மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே நாகப்பட்டினம்வரை எழுதப்பட்ட பூந்துணிகள் 17-ஆம் நூற்றாண்டில் லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வீடுகளின் கட்டில் திரைகளாயின. அவற்றின் பெருமை பூவில் மட்டும் இல்லை. துவைத்தாலும் போகாத சாயத்தில் இருந்தது. துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்து உலர்த்தி, படிகாரக் கரைசலை எழுதுகோலால் தொட்டு எழுதுவார்கள். பிறகு சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் போட்டால் படிகாரம் பட்ட கோடு மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலம் வேண்டிய இடத்தை விட்டு மற்றதை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழுந்ததால் பிரான்ஸ் 1686-இல் இத்துணிகளுக்குத் தடை போட்டது, 1759-இல்தான் நீக்கியது. இங்கிலாந்து 1701-இல் இறக்குமதியையும் 1721-இல் உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்தது. அது 1774 வரை நீடித்தது. தடைக்காலத்திலேயே கமுக்கமாக அறிவு கப்பலேறியது. கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இக்கரையின் சாயமுறையை 1742-இல் கடிதமாக எழுதித் தாய்நாட்டுக்கு அனுப்பினார். 1752-இல் அயர்லாந்தில் பிரான்சிஸ் நிக்சன் செப்புத் தகட்டில் துணி அச்சிட்டார். 1760-இல் பாரிசுக்கு அருகே ஷூய் ஊரில் ஓபர்காம்ப் பட்டறை போட்டார். ஐரோப்பா முதலில் வேதியியலைக் கற்றது, பிறகு கையை விலக்கியது. கடைசியில் மிஞ்சியது கிளை வளைந்து பூத்த மரமும் அதன் கொடியும் மட்டுமே. எழுதிய கைகளின் பெயர் ஒன்றுகூட அந்தத் துணிகளோடு பயணிக்கவில்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்தப் பூத்த மரமே கலப்படமற்ற உள்ளூர்ச் சரக்கில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஊர் ரசனைக்கேற்ற மாதிரிகளை அனுப்பி எழுத வைத்ததும் உண்டு. ஆகவே ‘மூலம்’ என்ற சொல்லை இத்துறையில் சற்று அடக்கியே வாசிக்க வேண்டும்.

மோரிஸ் 1861-இல் நண்பர்களுடன் கூட்டாகத் தொடங்கி 1875-இல் தனக்கே சொந்தமாக்கிக்கொண்ட நிறுவனம், வடிவத்தைக் கையிலிருந்து பிரித்த, நூறாண்டுக்கு முன் நடந்த இந்தப் பிரிவினையை எதிர்த் திசையில் திருப்பிப் பார்த்த முயற்சி. 1856-இல் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதா நிறத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து இங்கிலாந்தின் சாயத்தொழில் நிலக்கரித் தாரை நம்பத் தொடங்கியிருந்தது. அந்த நிறங்கள் கண்ணைக் குத்துகின்றன, வெயிலில் அசிங்கமாக வெளுக்கின்றன என்பது மோரிஸின் குறை. அவருடைய ‘துலிப் அண்ட் வில்லோ’ என்ற டிசைன் 1873-இல் வரையப்பட்டது. வடக்கே பிரஸ்டன் ஊருக்கு அருகே அதை அச்சிட்டபோது அவுரிக்குப் பதில் பிரஷ்ய நீலத்தைப் பயன்படுத்தினார்கள். முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. 1875 முதல் லீக் நகரச் சாயக்காரர் தாமஸ் வார்டிலின் பட்டறைக்குப் போய், பழைய மூலிகை நூல்களைப் புரட்டி, கை நீலமாகும்வரை அவுரித் தொட்டியோடு மல்லுக்கட்டினார். 1881-இல் லண்டனுக்குத் தெற்கே வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் ஆபி பட்டறையை எடுத்த பிறகுதான் காரியம் கைகூடியது. 1873-இல் வரைந்த அந்த டிசைன் தனக்குரிய நீலத்தைக் கண்டது 1883-இல். ஒரு வடிவத்தைத் தாளில் வரைந்து முடிப்பது அவருக்குப் பாதி வேலைதான் என்பதற்கு இந்தப் பத்தாண்டுக் காத்திருப்பைவிட வேறு சான்று தேவையில்லை.

அதே 1883-இல் வந்த ‘ஸ்ட்ராபெரி தீஃப்’, கெல்ம்ஸ்காட்டில் இருந்த அவருடைய வீட்டுத் தோட்டத்தில் பழம் திருடும் குருவிகளைக் காட்டும் துணி. இன்று குவளையிலும் குடையிலும் பார்க்கக் கிடைக்கும் இந்த டிசைனை அன்று செய்த முறையைக் கவனிப்பது பயனுள்ளது. முழுத்துணியையும் முதலில் அவுரித் தொட்டியில் முக்குவார்கள். வெளியே எடுக்கும்போது பச்சை தட்டியிருக்கும். காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். பிறகு வெளுப்பு மருந்து பூசிய கட்டையை அழுத்தி, சில இடங்களில் நீலத்தை முற்றாக எடுத்து வெள்ளையாக்குவார்கள். சில இடங்களில் பாதி எடுத்து வெளிர் நீலமாக விடுவார்கள். வெளுத்த இடங்களில் நிறப்பிடிப்புக் கரைசலை அச்சிட்டுச் சிவப்பேற்றுவார்கள். கடைசியில் மஞ்சள் வரும்: அது நீலத்தின் மேல் விழுந்த இடம் இலைப் பச்சை, சிவப்பின் மேல் விழுந்த இடம் செம்மஞ்சள். ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் துவைத்தலும் உலர்த்தலும் உண்டு. ஆகவே நாள் பல பிடிக்கும். வேட்டியில் ஒட்டிக்கொண்ட சாயம்போல் நிறம் மேலாக நிற்காமல் இழைக்குள் இறங்கும். நிறுவனத்தின் அச்சுத் துணிகளில் விலை கூடியவற்றுள் இது ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. 1884-இன் ‘கிரே’ என்ற டிசைனுக்கு 34 கட்டைகள் தேவைப்பட்டன.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. மோரிஸே பழையதைப் பார்த்து வரைந்தவர்தானே? தேம்ஸ் ஆற்றின் துணையாறுகளின் பெயரைத் தாங்கிய அவருடைய ‘ஈவன்லோட்’, ‘கிரே’ முதலியவற்றில் குறுக்காக ஓடும் தண்டு, லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1883-இல் வாங்கிய 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய வெல்வெட் ஒன்றிலிருந்து வந்தது. அதே அருங்காட்சியகத்துக்கு ஆலோசனை சொன்னவர் அவர். 1893-இல் பாரசீகத்தின் ஆர்டபில் கம்பளத்தை வாங்கத் தூண்டியவரும் அவர். அப்படியானால் அவருக்குப் பின் வந்தவர்களை மட்டும் குற்றம் சொல்வானேன்? பதில், எடுத்ததில் இல்லை. எதை எடுத்தார் என்பதில் இருக்கிறது. வெல்வெட்டிலிருந்து அவர் கொண்டது தண்டு சாயும் கோணத்தையும் அதன் இயக்கத்தையும். அந்த அமைப்பில் இங்கிலாந்து வேலியோரச் செடிகளைப் படரவிட்டார், நெசவுக்கு உரியதை அச்சுக்கு உரியதாக மாற்றினார், அதற்கான சாயமுறையைத் தானே நின்று உருவாக்கினார். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்வது மரபு. ஒன்றை ஸ்கேன் செய்து நிறத்தை மட்டும் மாற்றுவது மறுபதிப்பு. இரண்டுக்கும் சந்தையில் இடமுண்டு, ஆனால் பெயரும் மதிப்பும் ஒன்றாக இருக்க முடியாது.

1888-இல் லண்டனில் கலை-கைவினைக் கண்காட்சிச் சங்கத்தின் முதல் கண்காட்சி நடந்தபோது இந்த வேலைப்பாட்டுக்கு ஓர் இயக்கம் என்ற பெயர் நிலைத்தது. இயக்கம் ஓய்ந்து, போர்க்காலத்தில் 1940-இல் மோரிஸ் நிறுவனமும் மூடியது. அதன் சுவர்த்தாள் கட்டைகளையும் பதிவேடுகளையும் சாண்டர்சன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மறுபதிப்பின் வரலாற்றில் மோரிஸ் பிறந்த ஆண்டைவிட இந்த ஆண்டு முக்கியம் என்பேன். அந்தக் கட்டைகள் விறகாகிப் போயிருந்தால் இன்று நாம் ‘மோரிஸ் பாணி’ என்று எதையும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அதன்பின் ஒவ்வொரு தலைமுறையும் அதே அலமாரியைத் திறந்து தன் நிறத்தை ஏற்றியது. 1960-களில் ஸ்கிரீன் அச்சு பளிச்சென்ற ஆரஞ்சையும் ஊதாவையும் மோரிஸின் இலைகளில் தீட்டியது. 2016-இல் ‘ப்யூர் மோரிஸ்’ என்ற தொகுப்பு அதே இலைகளைச் சாம்பலும் சந்தனமுமாக வெளிறச் செய்தது. 2020-இல் வடிவமைப்பாளர் பென் பென்ட்ரீத் தேர்ந்த ‘குயின் ஸ்கொயர்’ மீண்டும் அழுத்தமான நிறங்களுக்குத் திரும்பியது. இயந்திரமும் தன் பங்குக்குக் கட்டளையிட்டது: சுழல் ஸ்கிரீன் உருளையின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ. என்பதால் டிசைன் அந்த நீளத்துக்குள் திரும்பத் தொடங்கியாக வேண்டும். பொருந்தாததைக் குறுக்கியோ நீட்டியோ பொருத்தியாக வேண்டும். நிறத்தை மாற்றுவதே துரோகம் என்று தூயவாதிகள் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. மோரிஸ் காலத்திலேயே ஒரே டிசைன் பல நிறங்களில் விற்கப்பட்டது. சாம்பல் நிற மோரிஸ் எனக்கு உவக்கவில்லை, ஆனால் அது ரசனை வழக்கு. வரலாற்று வழக்கில் அதற்குத் தண்டனை இல்லை.

காத்து வைத்த தாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கு அண்மைக் காலச் சான்று, கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கும் மோரிஸ் நிறுவனத்தின் முடிக்கப்படாத வரைவுகள். பாதியில் விட்ட பென்சில் கோடுகளை இன்றைய வரைகலைஞர்கள் நிரப்பி, புதுத் தொகுப்பாகவே வெளியிட்டார்கள். அரைகுறைத் தாளுக்கு இந்த யோகம். மெர்ட்டன் தொட்டியருகே நின்றவர்களின் கைப்பழக்கத்துக்கு அது வாய்க்கவில்லை. லண்டனின் லிபர்ட்டி கடையின் கதையும் இதேதான். 1960-இல் அது ‘லோட்டஸ்’ என்ற பெயரில் ஆர்ட் நூவோ காலத் துணிகளை மறுபடி வெளியிட்டது. ஆர்தர் சில்வர் 1887 வாக்கில் வரைந்த மயிலிறகு டிசைனை, கடையின் நூற்றாண்டான 1975-இல் ‘ஹெரா’ என்று திரும்பக் கொண்டுவந்தது. இதற்கு நேர் எதிர்த் துருவம் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் நெசவுப் பட்டறை. ஆனி ஆல்பர்ஸ் 1930 வாக்கில் பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கச் சுவருக்காக நெய்த துணி, முன்பக்கச் செலோஃபேனால் ஒளியைத் திருப்பியது, பின்பக்கச் செனிலால் ஒலியை உறிஞ்சியது. இதில் வரைய என்ன இருக்கிறது? அறிவு முழுவதும் நூலிலும் பின்னலிலும் இருக்கிறது. புகைப்படத்தில் அது சாம்பல் நிறத் துணியாகத்தான் தெரியும். கட்டமும் கோடுமாகக் கண்ணுக்குப் பிடிபடும் பௌஹவுஸ் வரைவுகள் கம்பளமாகவும் உறையாகவும் அடிக்கடி வருகின்றன. இது போன்ற நெசவுச் சிந்தனை அரிதாகவே வருகிறது.

இறுதியாக ஒரு வலுவான வாதம்: மோரிஸ் கனவு கண்டது எல்லா வீட்டுக்கும் அழகான பொருள், அவரால் விற்க முடிந்ததோ பணக்காரர்களுக்கு, மலிவான டிஜிட்டல் அச்சு அந்தக் கனவைத்தானே நிறைவேற்றுகிறது? பாதி உண்மை. வாங்குபவர் பக்கம் கதவு திறந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கோரிக்கையின் மறுபாதி செய்பவரைப் பற்றியது: வேலையில் அவருக்கும் மகிழ்ச்சியும் பங்கும் வேண்டும் என்பது. மறுபதிப்புத் தொழில் அந்தப் பாதியை எடுத்ததே இல்லை. பெயரைக்கூட ஒழுங்காகக் கொடுப்பதில்லை. 1878-இல் உதவியாளராகச் சேர்ந்து, மோரிஸுக்குப் பின் நிறுவனத்தின் கலைப் பொறுப்பை ஏற்ற ஜான் ஹென்றி டியர்ளின் டிசைன்களும், மகள் மே மோரிஸ் வரைந்த ‘ஹனிசக்கிள்’ சுவர்த்தாளும் நெடுங்காலம் வில்லியம் மோரிஸின் கணக்கிலேயே எழுதப்பட்டன. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்ட இந்த டிசைன்களை இன்று யாரும் அச்சிடலாம். ஆகவே பழைய நிறுவனம் விற்கக்கூடிய ஒரே தனிச்சரக்கு அதன் ஆவணங்களின் நம்பகத்தன்மைதான். அதைக் கொண்டு விலை கேட்பவர்கள், துணியின் ஓரத்தில் டிசைனை வரைந்தவர் யார், மூலம் எது, எம்முறையில் அச்சிடப்பட்டது என்ற மூன்று விவரங்களை அச்சிடுவது கடமை. அந்த வழக்கம் இன்னும் பரவலாகவில்லை. டியர்ள் வரைந்த ‘கோல்டன் லில்லி’ இன்றும் பல கடைகளில் வில்லியம் மோரிஸின் பெயரிலேயே விற்பனையாகிறது.