பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம்

கல்யாணில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறி, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, பிள்ளைகளைக் கேட்வேக்குக் கூட்டிப் போகாத தமிழ்க் குடும்பம் நம்மில் இருக்காது. அடுத்த முறை போகும்போது கடலைக் காட்டி இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

1921 செப்டம்பர். கேட்வே அப்போது கட்டி முடியவில்லை. திறப்பு விழா நடந்தது 1924-ல்தான். இங்கிலாந்திலிருந்து வந்த ‘நார்குண்டா’ கப்பலில் 32 வயதுத் தமிழர் ஒருவர் இருந்தார். திருச்சியில் பிறந்து, 1907-ல் அரசாங்க நிதித் துறை வேலைக்காகக் கல்கத்தா சென்று, நம்மைப் போலவே வெளியூரில் வாழ்ந்த சி.வி. ராமன்தான் அவர்.

“வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம்” என்பது அன்றைய விளக்கம். ராமன் கையிலிருந்த சிறிய பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகத்தான் இருந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அதில் உள்ள இடமும் நாளும்: பம்பாய்த் துறைமுகம், 26 செப்டம்பர் 1921.

அந்த ஆராய்ச்சி வளர்ந்து 28 பிப்ரவரி 1928 அன்று கல்கத்தாவில் ‘ராமன் விளைவு’ ஆனது. உடன் உழைத்தவர் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டுச் சிதறும்போது அதில் சிறு பகுதி நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனி, கைரேகை மாதிரி. ஒரே சிக்கல், ஏறக்குறைய கோடியில் ஒரு ஒளித்துகள்தான் இப்படி மாறும்.

1974-ல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் சொரசொரப்பாக்கிய வெள்ளியின் மேல் ஒரு ரசாயனத்தை வைத்துப் பார்த்தபோது சமிக்ஞை பலமாக வந்தது. அது வெள்ளியே பல லட்சம் மடங்கு பெருக்கித் தரும் வேலை என்று 1977-ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இரு குழுக்கள் எடுத்துக்காட்டின. 1997-ல் வெள்ளி நானோ துகள்களைக் கொண்டு ஒற்றை மூலக்கூறையே கண்டார்கள். இத்துகள் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி ஒரு பயோசென்சார், அதாவது உயிர் உணரி. அதுபோல, நோயை உண்டாக்கும் கிருமியின் புரதத்தை நானோ துகளில் ஒட்டவைத்து, மருந்தாகக் கூடிய பொருளை அதன்மேல் விடுகிறார்கள். இரண்டும் பற்றிக்கொண்டால் ஒளியின் கைரேகை மாறும். துளியளவு பொருள் போதும், சாயமும் வேண்டாம். பூட்டுக்குச் சாவி பொருந்துகிறதா என்று பார்ப்பது போலத்தான்.

ஆனால் சாவி பொருந்தினாலே நோய் தீர்ந்துவிடாது. விலங்குகளிடமும் பிறகு மனிதர்களிடமும் சோதிக்க வேண்டும். அதற்குப் பல வருஷம் பிடிக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் அளவும் தப்பும். காசநோய்க்கு 40 ஆண்டுக்கு மேல் புதிய வகை மருந்தே வரவில்லை. பெடாக்விலின் 2012-ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தாராவியின் நெருக்கமான சந்துகளை அறிந்த நமக்கு அந்தத் தாமதத்தின் விலை தெரியும். தேடலின் முதல் படியில் மிச்சமாகும் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் வீட்டுக்கு உதவும்.

“அப்பா, இதுல நம்ம பங்கு எவ்வளவு?” என்று பிள்ளை கேட்டால் கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். நிறம் மாறும் ஒளியைக் கண்டவர்கள் ராமனும் கிருஷ்ணனும். வெள்ளியை அதில் சேர்த்தவர்கள் வேற்று நாட்டவர். 1930-ல் நோபல் பரிசு ராமன் ஒருவர் பெயருக்கே வந்தது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளுக்கு உங்கள் பிள்ளை பள்ளியில் கட்டுரை எழுதினால், கிருஷ்ணன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.