ஆம் எனில்... இல்லை எனில்...



கேமரன் மலையில், தேயிலைத் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். மாணவர்களின் குடும்ப வரலாற்றைத் திரட்டும் நோக்கில் கணினியில் கூகுள் படிவம் ஒன்றை உருவாக்கினேன். அளிக்கும் விடைக்கேற்ப அடுத்த வினா மாறும்படி அதனை அமைக்கலாம். "குடும்பத்தின் மூத்தவர் மலாயாவில் பிறந்தவரா?" என்று கேட்டேன். ஆம் எனில், எந்தத் தோட்டம் என்ற வினா தோன்றும். இல்லை எனில், தமிழகத்தில் எந்த ஊர், எந்த ஆண்டில் கப்பலேறினார் என்ற வினாக்கள் தோன்றும். தமக்குரியதல்லாத வினா எவர் கண்ணிலும் படாது. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி முதல் வினாவிலேயே நின்றுவிட்டாள். "ஐயா, கொள்ளுப்பாட்டிக்குத் தாம் எங்கே பிறந்தோம் என்றே தெரியாதாம். எதை அழுத்துவது?" என்றாள். என்னிடம் விடையில்லை.

அவ்வினா நம் முன்னோருக்குப் புதிதன்று. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்த மலை இது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துத் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் நம்மவர் பலர். அவர்கள் இந்நாட்டினரா என்ற கேள்வியைப் பின்னர் சட்டம் கேட்டது.

1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. சிலருக்குச் சட்டப்படி தானாகவே குடியுரிமை கிட்டியது. ஏனையோர் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே பிறந்தவர் எனில், முந்தைய 12 ஆண்டுகளுள் 8 ஆண்டுகள் இங்கு வசித்திருக்க வேண்டும். பிறவாதவர் எனில், 20 ஆண்டுகளுள் 15 ஆண்டுகள். மலாய் அல்லது ஆங்கிலமும் அறிந்திருக்க வேண்டும். என் படிவத்தின் கிளைகளும் இச்சட்டத்தின் கிளைகளும் ஒரே அமைப்புடையவை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. என் படிவத்தில் தவறான கிளையில் சென்றவர் திரும்பி வரலாம்.

1957 ஆகஸ்டு 31 அன்று கிளைகள் மாறின. அன்றோ அதன் பின்னரோ இங்கே பிறந்த குழந்தை, பிறப்பினாலேயே குடிமகனாயிற்று. அதற்கு முதல்நாள் அதே லயத்தில் பிறந்த குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை. அது வேறு வழி தேட வேண்டும். இங்கே பிறந்து விண்ணப்பிப்போருக்கு மலாய்மொழித் தகுதி ஓராண்டுக்குத் தளர்த்தப்பட்டது. அச்செய்தி எட்டாதவரும், பத்திரம் இல்லாதவரும், பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவரும் பலர். 1962இல், பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் சட்டமோ, குடியுரிமையற்றோர் வேலை செய்யவே அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களே சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமை எய்தினர்.

படிவத்தை அமைப்பவன், தான் எண்ணிப் பார்த்த மனிதர்களுக்கு மட்டுமே வழி வகுக்கிறான். எண்ணிப் பாராதவர் வெளியே நின்றுவிடுகிறார். சட்டம் செய்ததும் அதுவே; அன்று நான் செய்ததும் அதுவே.

அன்று மாலையே மூன்றாவது கிளை ஒன்றைச் சேர்த்தேன்: "தெரியாது எனில், நினைவில் உள்ளதைக் கூறுங்கள்." மறுநாள் அம்மாணவியின் விடை வந்திருந்தது. தாயின் முதுகில் துணியால் கட்டப்பட்டுக் கொழுந்து மலைக்குச் சென்றதும், அத்துணியில் பச்சிலை மணம் வீசியதும் கொள்ளுப்பாட்டியின் முதல் நினைவுகளாம்.

இதுவரை வந்த விடைகளுள் மிக நீண்டது அதுதான்.